ஏஇசட்91 தகடு: மூன்றாவது முறை வளையவில்லை

ஏஇசட்91 என்ற மக்னீசியக் கலப்புலோகத்தைச் சூடேற்றிக் குளிர்விப்பதில் இரண்டு தகடுகளைப் பாழாக்கிய பிறகு மூன்றாவது நேராக நின்றுவிட்டது. ஒரு முகத்தில் 2 மி.மீ. சீவி, தகட்டைப் பிடித்திருந்த வைஸைத் தளர்த்தி, மேடுபள்ளம் காட்டும் டயல் கேஜை ஓட்டினேன். நடுவுக்கும் ஓரத்துக்கும் 0.04 மி.மீ. வித்தியாசம்! முதல் தகட்டில் அது 0.38.

மூன்றையும் வலுவேற்றுவதற்காக ஒரே மாதிரிதான் சூடேற்றினேன்: 260 டிகிரிக்கு மேல் மெதுவாக ஏற்றி, 413 டிகிரி செல்சியஸில் 18 மணி நேரம். மக்னீசியம் தீப்பிடிக்கும் என்பதால் வைக்கும் பாதுகாப்பு வாயு, உலர்ந்த மணல் பற்றியெல்லாம் இங்கே விரிக்கவில்லை. என்னைப் படுத்தி எடுத்தது உலைக் கதவைத் திறந்த பிறகு வரும் சில நிமிடங்கள்.

முதல் தகட்டை, அலுமினியத்துக்குச் செய்த பழக்கத்தில், குளிர்ந்த நீரில் முக்கினேன். எடுத்தபோது நேராகவே இருந்தது, அதில்தான் ஏமாந்தேன். தோல் முதலில் குளிர்ந்து இறுகுகிறது. உள்பகுதி பிறகு சுருங்கும்போது தோலை அமுக்கிவிட்டுத் தான் இழுபட்டு நிற்கிறது. இரு பக்கமும் ஒரே அளவில் அமுங்கியிருக்கும் வரை தகடு அசையாது. ஒரு பக்கத் தோலைச் சீவியதும் அந்த முகம் குழிந்து ஓரங்கள் எழும்பிவிட்டன. மீட்சிக் குணகம் (விறைப்பின் அளவு) 45 ஜிகாபாஸ்கல், வெப்ப விரிவு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 26 பங்கு என்று கணக்குப் போட்டேன். தோலுக்கும் உள்ளுக்கும் 100 டிகிரி வித்தியாசம் இருந்தாலே 117 மெகாபாஸ்கல் தகைவு (உள்ளழுத்தம்) வருகிறது. வயதேற்றாத (மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்து வலுவேற்றாத) இந்த உலோகம் அறை வெப்பநிலையிலேயே 90 மெகாபாஸ்கலை ஒட்டி நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும்.

இந்தக் கலவைக்குத் தண்ணீரே வேண்டாம், காற்று போதும். ஆனால் இரண்டாவது தகட்டுக்கு ஒரே விசிறி வைத்தேன். சீவுவதற்கு முன்பே வளைந்துவிட்டது. கடைசியாகக் குளிர்ந்த பக்கம் குழிந்திருந்தது. இம்முறை தகட்டை எஃகுக் கம்பியில் செங்குத்தாகத் தொங்கவிட்டு இருபுறமும் விசிறி வைத்தேன். அதற்கு முன் ஒரு பழைய துண்டை 200 டிகிரிக்குச் சூடாக்கி ஐந்து முறை ஒத்திகை பார்த்தேன். இரு முகங்களிலும் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள். வலப்பக்க விசிறியை இரண்டு விரற்கடை பின்னே தள்ளிய பிறகுதான் இரண்டு அளவுகளும் சேர்ந்தே இறங்கின. அந்த இரண்டு விரற்கடைக்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று, போனது வீணில்லை.

தகடு வாங்கும் இடத்தையும் மாற்றிவிட்டேன். முன்பு கொடுத்தவர் பகுப்பாய்வுச் சான்று இல்லாமலே அனுப்புவார். இப்போது வருபவற்றில் வார்ப்பு எண் பொறித்திருக்கிறது. அடுத்து வெள்ளி கலந்த இன்னொரு மக்னீசியக் கலவையான க்யூஇ22-ஐத் தொடலாம் என்றிருக்கிறேன். அதைக் குளிர்விக்க 60 டிகிரிக்கு மேற்பட்ட சுடுநீர் வேண்டும் என்பதால் விசிறி வித்தை உதவாது.

இப்போது தகடு 168 டிகிரியில் 16 மணி நேர வயதேற்றலில் இருக்கிறது. மறு முகத்தை இன்னும் தொடவில்லை.