கடைசி வரிசையில் இருபது நிமிடம்

உத்தரவு வாட்ஸப் குழுவில்தான் வந்தது, இரவு ஒன்பதே முக்காலுக்கு. மறுநாள் காலை 9.30-க்கு வடலூரில் இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் தலைமைத்துவப் பயிற்சி. அதற்கு நான் ஒரு கருத்தாளர், அதாவது பயிற்சி நடத்தும் ஆள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியின் தலைமை ஆசிரியை நான். கருத்தாளராக என்ன தகுதி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

முதல் சிக்கல் வீட்டிலேயே இருந்தது, அதாவது பள்ளியில். ஐந்து வகுப்பு, 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர்தான். தலைமை ஆசிரியர் என்று தனியாக ஒருவரைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் 150-ஐத் தாண்ட வேண்டும். ஆகவே எங்கள் மாதிரிப் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் என்பவர் மூன்று வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டே சாவிக்கொத்தும் வைத்திருப்பவர். நான் கிளம்பினால் காலை உணவு, எமிஸ் என்கிற கல்வித் துறைத் தகவல் அமைப்பில் வருகைப் பதிவு, ஐந்து வகுப்பு எல்லாம் ஒரே ஆளின் தலையில். உடன் பணியாற்றும் டீச்சரிடம் போனில் சொன்னேன். "தலைமைத்துவத்த வளர்க்கப் போறீங்க, போய்ட்டு வாங்க டீச்சர். இங்க தலையில்லாம நான் பாத்துக்கறேன்" என்றார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வடலூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு நாடெங்கும் மாவட்டந்தோறும் வந்த நிறுவனங்களில் ஒன்று. சத்திய ஞான சபை இருக்கும் ஊர். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிற தருமச்சாலையைத் தாண்டித்தான் போனேன். கருத்தாளர்களுக்கு அங்கே மூன்று நாள் பயிற்சி. பள்ளித் தலைமைக்கென்று டெல்லியில் 2012-இல் ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். தன்னை வளர்த்துக்கொள்வது, கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவை உருவாக்குவது, சமூகத்தோடு கைகோப்பது என்று அவர்கள் பிரித்துவைத்த தலைப்புகளில்தான் எங்கள் கையேடும் ஓடியது. மோசமில்லை. ஆனால் டெல்லியில் எழுதியது சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு இறங்கி, மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்குப் போகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் என்ன நிலையில் வந்து சேரும் என்பதைக் காட்டுமன்னார்கோயில்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். அந்தக் கடைமடையில் மடை திறக்கிற ஆள் நான்.

அடுத்த வாரம், வட்டாரத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் வட்டார வள மையத்தில், சொல்லிக்கொடுப்பது எங்கள் முறை. இந்த வள மையங்கள் எப்படி வந்தன என்று இளைய ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாது. 1994-இல் உலக வங்கிக் கடனில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் பழைய தென்னாற்காடும் ஒன்று. அந்தத் திட்டம் முடிந்து, அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்து, அதுவும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியாகப் பெயர் மாறி, வள மையம் மட்டும் நிலைத்துவிட்டது. ஜமக்காளமும்கூட அதே ஜமக்காளம்தான் என்று ஓய்வு பெறப்போகும் ஒரு சார் சொன்னார்.

கூடத்தில் 38 தலைமை ஆசிரியர்கள். முன்வரிசை நாற்காலியில் இரண்டு வட்டாரக் கல்வி அலுவலர்கள். உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்ற பழைய பதவிப் பெயர் 2018-லேயே மாறிவிட்டது. ஆனாலும் எங்கள் வாயில் இன்னும் 'ஏ.இ.ஓ. சார்'தான். "உங்கள் பள்ளியின் பெரிய சவால் என்ன?" என்று கையேட்டின் முதல் கேள்வியைப் போட்டேன். பெற்றோர் ஒத்துழைப்புக் குறைவு என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாமவர், "எங்க பள்ளியில பெருசா ஒண்ணுமில்ல மேடம்" என்றார். பதினைந்து நிமிடத்தில் 38 பள்ளிகளும் கடலூர் மாவட்டத்திலேயே சிறந்த பள்ளிகளாகிவிட்டன. நான் பெரிய எழுத்தில் சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

டீ இடைவேளையில் பண்ருட்டிப் பக்கமிருந்து மாறுதலில் வந்த ஒரு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், முந்திரி சீசன்ல என் பசங்க பாதிப்பேர் தோப்புல இருந்தாங்க. பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும் வகுப்பு காலி. ரிஜிஸ்டர்ல அப்படியா இருந்துது? இத நான் ஏ.இ.ஓ. முன்னாடி சொன்னா, அடுத்த மாசம் ஆண்டாய்வுக்கு வர்றவர் அவர்தானே?" அவ்வளவுதான் விஷயம். ஆய்வு செய்பவரையும் செய்யப்படுபவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துவிட்டு 'மனம் திறந்து பேசுங்கள்' என்றால் யார் திறப்பார்கள்? கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆய்வு என்றாலே வயிற்றில் புளி கரைப்பது எங்கள் தலைமுறைக்கு மட்டும் வந்ததல்ல. 1854-இல் லண்டனிலிருந்து கம்பெனி அரசுக்கு அனுப்பப்பட்ட சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கைதான் மாகாணத்துக்கொரு கல்வித் துறையும் அதற்கு இன்ஸ்பெக்டர்களும் வேண்டும் என்றது. பள்ளிக்கு அரசுப் பணம் தருவதா வேண்டாமா என்பதற்கு அவர்கள் கண் சாட்சி. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நன்றாக வாசிக்கும் பையனை முன்வரிசைக்கு நகர்த்தியதை என் அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா பின்வரிசைக்கு நகர்த்தப்பட்டவர்.

இரண்டாம் நாள் கையேட்டை மூடி வைத்தேன். வள மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே டீச்சரிடம் முன்பே கேட்டு, "உங்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்து, மூன்றாம் வகுப்புக்கு ஆறு ஆறு பேராகப் போய் உட்கார்ந்தோம். அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் நிலைவாரியாக உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததை எழுதுங்கள் என்று ஆளுக்கொரு அரைத்தாள் கொடுத்தேன்.

திரும்பி வந்து தாள்களைச் சுவரில் ஒட்டினோம். 'கற்பித்தல் நன்று.' 'துணைக்கருவிகள் பயன்படுத்தப்பட்டன.' 'மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர்.' 'மேலும் முயற்சி தேவை.' யாருடைய தாளையும் யாருடைய தாளோடும் மாற்றி வைக்கலாம். அந்த வகுப்பைப் பார்க்காமலே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். ஆய்வுக்கு வருகிறவர் குறிப்பெழுதும் பார்வைப் புத்தகத்தில் எத்தனை வருடமாக இதையேதான் எழுதுகிறோம், படிக்கிறோம்! எழுதியவை எல்லாம் தீர்ப்புகள். பார்த்தது என்று ஒன்றுமே இல்லை.

மதியம் மறுபடி போனோம். இந்த முறை விதி ஒன்றுதான்: ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள், கடைசி வரிசையாக இருந்தால் நல்லது. இருபது நிமிடம் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். நன்று, பரவாயில்லை, ஆர்வம், முயற்சி, இந்த நான்கு சொல்லும் கூடாது.

இரண்டு அலுவலர்களில் மூத்தவர் சன்னலோரத்தில் ஒரு பெண் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். திரும்பி வந்ததும் முதல் ஆளாக அவரே எழுந்து வாசித்தார். இருபது நிமிடத்தில் அந்தப் பிள்ளை மூன்று முறை வாய் திறந்திருக்கிறாள். மூன்றும் கோரஸ். டீச்சர் கேட்ட பதினொரு கேள்வியில் ஒன்பதுக்கு வகுப்பே சேர்ந்து பதில் சொன்னதால் அவள் வாயசைத்தால் போதுமானதாக இருந்தது. கழித்தல் கணக்கைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாள். பக்கத்துப் பிள்ளையும் தப்பாகப் போட்டிருந்தாள். பென்சில் கீழே விழுந்தபோது எடுக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டாள். "வேணும்னே மெதுவா எடுத்தா" என்றார் அவர். கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இத்தன வருஷத்துல எத்தன ஆண்டாய்வு போட்டிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. ஒரு பிள்ளைய இருபது நிமிஷம் பாத்தது இன்னிக்குத்தான்" என்றார்.

அதற்கப்புறம் பேச்சை நான் நடத்தவில்லை, தானாக நடந்தது. அலுவலர் தன் பக்கத்தைச் சொன்னார். 60-க்கும் மேல் பள்ளிகள், மாதத்துக்கு இத்தனை பார்வை என்று செயலியில் இலக்கு, ஒவ்வொரு பார்வைக்கும் வகுப்பறை உற்றுநோக்கல் படிவம், நடுவில் சம்பளப் பட்டியல், ஓய்வூதியக் கோப்பு, மேலிருந்து வரும் அவசரத் தகவல்கள். பள்ளியில் இருக்கக் கிடைப்பது அரைமணி. அரைமணியில் பார்த்து முடிக்கக் கூடியது பதிவேடுதான். பதிவேட்டைப் பார்த்தால் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடலாம். பிள்ளையைப் பார்த்தால் எங்கே கையெழுத்துப் போடுவது? இதைக் கேட்டபோதுதான் அவரைப் பற்றி எனக்கிருந்த பழைய கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுதாக இறங்கவில்லை, ஒருமுறை பாடக்குறிப்பேட்டில் தேதி விட்டுப்போனதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ கொடுத்தவர்.

முந்திரித் தோப்பு விஷயமும் அன்று வெளியே வந்தது. "ஏ.இ.ஓ. சார், கோச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்துத்தான் அந்தப் பண்ருட்டி சார் சொன்னார். பிறகு பேச்சு புயலுக்குத் தாவியது. எங்கள் மாவட்டத்தில் பள்ளித் தலைமை என்றால் பாதி அதுதான். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம் என்று எது வந்தாலும் ஊர் முதலில் தட்டுவது பள்ளிக்கூடத்துக் கதவை. நடுராத்திரியில் சாவியோடு யார் போவது, பெஞ்சுகளை எங்கே ஏற்றுவது, சேர்க்கைப் பதிவேட்டை எந்தப் பரணில் போடுவது, முகாம் கலைந்த பிறகு வகுப்பறையை யார் கழுவுவது? தானேவில் ஓடு பறந்த பள்ளியில் அப்போது வேலை பார்த்த டீச்சர் அரைமணி நேரம் பேசினார். நான் இரண்டு நாளில் சொன்னதைவிட அந்த அரைமணியில் தலைமைத்துவம் அதிகம் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர்களைக் கூட்டத்துக்கு வரவழைப்பது பெரும்பாடு என்று எல்லோரும் புலம்ப, இந்த டீச்சர் பள்ளியில் மட்டும் கேட்காமலே வருகிறார்களாம். அவர்கள் ஒரு வாரம் படுத்துறங்கிய இடம் அது.

மூன்றாம் நாள், பார்வை முடிந்தபின் ஆசிரியரிடம் பேசுவது எப்படி என்று நடித்துப் பார்த்தோம். அலுவலர்கள் ஈராசிரியர் பள்ளி ஆசிரியராக, தலைமை ஆசிரியர்கள் அலுவலராக. அலுவலர் வேடம் போட்ட ஒரு டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, "என்னம்மா, ரெக்கார்டெல்லாம் எடுங்க" என்று ஆரம்பித்ததும் கூடமே அதிர்ந்தது. அசல் அலுவலர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "சார், பேனா எழுதல சார்" என்றார். சிரித்து முடித்துவிட்டு நாங்களே மூன்று விஷயம் பேசி வைத்துக்கொண்டோம். முதலில் ஆசிரியர் பேசட்டும். பிறகு பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்வது. கடைசியாக, அடுத்த முறை வரும்போது எதைப் பார்க்கலாம் என்று ஆசிரியரையே கேட்பது. பதிவேடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது இல்லாமல் தணிக்கையில் மாட்டிக்கொள்வது நாங்கள்தான்.

பயிற்சி முடிந்ததற்கான புகைப்படம் குழுவில் ஏறியது, பின்னூட்டப் படிவத்தில் எல்லோரும் 'மிகச் சிறப்பு' என்று நிரப்பினார்கள். நன்று என்ற சொல்லைத் தடை செய்தவள் நான். படிவத்தில் அதைவிட்டால் வேறு கட்டம் இல்லை.

ஆறு மாதம் கழித்து மூத்த அலுவலர் என் பள்ளிக்கு ஆண்டாய்வுக்கு வந்தார். நான் வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன், பழக்கம் போகாது. அவர் மேசைக்கு வராமல் நேரே நான்காம் வகுப்புப் பக்கம் போய்க் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தார். எனக்குக் கை நடுங்கியது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் என்ற கர்வமெல்லாம் எங்கோ போய், பெருக்கல் வாய்பாட்டில் நானே ஒரு முறை தடுமாறினேன். இருபது நிமிடம் கழிந்து எழுந்து வந்து, "இப்ப ரெக்கார்டெல்லாம் எடுங்க டீச்சர்" என்றார். எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு தேதியும் விடவில்லை.

போகும்போது பார்வைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, "நீங்க முதல்ல பேசணும்ல, சொல்லுங்க" என்றார். வகுப்பு நன்றாகப் போனதாகத்தான் நினைக்கிறேன் என்றேன். அவர் தாளைப் பார்த்துப் படித்தார். சுவரோரத்துப் பையன் கரும்பலகையைப் பார்க்க ஏழு முறை கண்ணை இடுக்கினான். கரும்பலகையில் இருந்து எழுதவில்லை, முன்னால் இருந்த பையனின் தோளுக்கு மேல் எட்டி அவன் நோட்டைப் பார்த்து எழுதினான். "கண்ணு டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

அந்தப் பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னிடம் படிக்கிறான். எட்டிப் பார்த்து எழுதுவதற்காக எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை அவன் அம்மாவோடு கடலூர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்துவிட்டு, செயலியில் அவனுடைய உடல்நலப் பதிவைத் திறந்து பார்த்தேன். பார்வைக் குறைபாடு: இல்லை. பதிந்தவர் என்ற இடத்தில் என் பெயர்.