சுப்பர்மார்க்கெட் பெற்றோல் அடிக்கலாமா?

லண்டனுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு பழைய கார் வாங்கினேன். அந்தக் கிழமையே தெரிந்த அண்ணை ஒருவர் போன் எடுத்து, "தம்பி, சுப்பர்மார்க்கெட்டில மட்டும் பெற்றோல் அடிச்சுப்போடாத, எஞ்சின் போயிடும்" என்றார். அறை வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் போக மிஞ்சுவதை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் அது. ஆனாலும் லீற்றருக்கு ஐந்து, ஆறு பென்ஸ் கூடக் கொடுத்துப் பெயர்போன கம்பனிகளிடமே அடித்தேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது, அப்பா சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது அவருக்கு அன்றாட வேலை. கூடாத எரிபொருள் எஞ்சினை என்ன செய்யும் என்று சிறுவயதிலேயே பார்த்தவன் நான்.

அப்புறம் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை கிடைத்தது. இங்கே எங்கள் ஆட்கள் பலருக்கு முதல் வேலை அதுதான். பெற்றோல் கொண்டுவரும் பௌசர் லொறி வரும் இரவுகளில் சாரதியோடு கதைப்பேன். அவர் எண்ணெய் ஏற்றும் டெர்மினலில் சுப்பர்மார்க்கெட் பௌசர்களும் வரிசையில் நிற்குமாம். எனக்கு அது பெரிய செய்தி. அடிப்படைப் பெற்றோல் ஒன்றுதான். யார் விற்றாலும் பிஎஸ் இஎன் 228 என்ற தரநிலைக்குள் இருக்க வேண்டும். டீசலுக்கு இஎன் 590. பௌசரில் ஏற்றும்போது ஒவ்வொரு கம்பனியும் தன் சேர்மானத்தைக் கலக்கிறது. அதில் முக்கியமானது, எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கரி படியாமல் கழுவும் திரவம். பெயர்போன கம்பனிகள் விளம்பரத்தில் பேசுவது இதைத்தான். ஆகவே வித்தியாசமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது சின்ன வித்தியாசம். அதிகம் விற்றுக் குறைந்த லாபம் எடுப்பதாலும், பெற்றோலுக்கு வருபவர் கடைக்குள்ளும் வருவார் என்பதாலும்தான் சுப்பர்மார்க்கெட்டில் விலை குறைவு.

சரி என்று மாறினேன். மூன்றாம் மாதம் எஞ்சின் லைட் எரிந்தது. அண்ணை, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். எனக்கும் நெஞ்சு இடித்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, பழுதானது பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயில், பெற்றோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார்: பல புது எஞ்சின்களில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, உள்ளிழுக்கும் வால்வில் அது படுவதே இல்லை, அதனால் எவ்வளவு விலைகூடிய பெற்றோலாலும் அந்த வால்வைக் கழுவ முடியாது.

அண்ணையின் பயமும் சும்மா வந்ததல்ல. 2007 பெப்ரவரியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் சிலிக்கன் கலந்த பெற்றோல் சுப்பர்மார்க்கெட் பம்புகளுக்கும் போய், ஏராளமான கார்களில் புகையின் ஒக்சிஜனை அளக்கும் சென்சர்கள் பழுதாயின. கோளாறு நடந்தது எண்ணெய்க் கிடங்கில். ஆனால் சனங்களின் மனதில் தங்கியது பம்பில் இருந்த பெயர்தான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது பம்பில் ஒட்டியிருக்கும் இ5, இ10 வட்டங்களை. 2021 செப்டெம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண 95 ஒக்டேன் பெற்றோல் இ10 ஆகிவிட்டது. அதாவது, பத்து வீதம் வரை எத்தனோல் என்ற அற்ககோல் கலந்தது. இ5 என்றால் ஐந்து வீதம் வரை. 2011இலிருந்து வந்த கார்களுக்குப் பிரச்சினை இல்லை. அதற்கு முந்திய கார் என்றால், அடிக்க முதல் அரசாங்க இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

அண்ணையிடம் தொண்ணூறுகளில் வந்த கார் ஒன்று இருக்கிறது, பிள்ளை மாதிரிப் பார்ப்பார். இ10 வந்ததும் பதறிப்போய் என்னைத்தான் கூப்பிட்டார். சேர்ந்து பார்த்தோம்; அதற்கு இ5தான் வேண்டும். எங்கள் பக்கம் குறைந்த விலைக்குக் கிடைத்த இ5, டெஸ்கோ சுப்பர்மார்க்கெட்டின் மொமென்டம் 99. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்த டெஸ்கோ தம்பி?" என்று கேட்டார்.