அம்மாவின் மூக்கு: பாம்புப் பெட்டி நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

பலகை வாங்கியாயிற்று. எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஒரு ஷீட், 12 மி.மீ. தடிமன். குட்டியானையில் ஏற்றி வேலூர் சத்துவாச்சாரி வந்து இறக்குவதற்குள் தெருவில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், கட்டிலா பீரோவா என்று. "பெட்டி" என்று மட்டும் சொன்னேன்.

விஷயம் இதுதான். தம்பி ஜூன் 12-ம் தேதி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். பெங்களூரில் அவன் நான்கு வருடமாக வளர்க்கும் பந்து மலைப்பாம்பு என்னிடம் வருகிறது. ஆப்பிரிக்காக்காரி, மூன்றரை அடி. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்வாள், அவ்வளவுதான். நம் ஊர்ப் பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வைக்க முடியாது, 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. இது அயல்நாட்டு இனம். ஆனாலும் 2022 திருத்தத்துக்குப் பிறகு இதற்கும் பதிவு வேண்டும், கைமாறினால் அதையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த வேலை தம்பி தலையில். பெட்டி என் தலையில்.

அம்மா பலகையைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஆடி மாசம் புத்துக்குப் பால் ஊத்துறவ வூட்டுல பாம்ப பொட்டில போட்டு வெக்கப் போறியா? இன்னாடா நியாயம் இது?" பதில் இல்லை என்னிடம்.

கடையில் மூன்று தரம் காட்டினார்கள். எம்.ஆர். (ஈரத்தை ஓரளவு தாங்கும் வகை) மலிவு, ஆனால் அதன் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. ஈரம் தொடர்ந்து பட்டால் உப்பிக்கொள்ளும். 710 நம்பர் மெரைன் உறுதியானது, ஆனால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் மருந்து ஏற்றித்தான் வரும், விலையும் கையைக் கடித்தது. நடுவில் இருந்த பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் வகை) எடுத்தேன், ஃபீனால் பசை. எதை எடுத்தாலும் உள்பக்கம் ஒரு அங்குலம்கூட மூடாமல் விடப்போவதில்லை.

ஏப்ரல் 9, புதன்

மேஸ்திரி வந்து அறுத்துக் கொடுத்தார். ஆழம் 24 அங்குலம், உயரம் 24 என்று நான் போட்டிருந்த கணக்கைப் பார்த்துச் சிரித்தார். "32 சதுர அடியும் அதுக்கே போச்சுன்னா ரம்பம் எத தின்னும் தம்பி?" சரி, இரண்டையும் 22 ஆக்கினோம். நீளம் 4 அடி. மேல், கீழ், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, முன்னால் மேலும் கீழும் பட்டி, எல்லாம் ஒரே ஷீட்டில் அடங்கிவிட்டது. மிஞ்சிய துண்டு ஒன்றைப் பத்திரப்படுத்தினேன், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

பூச்சு பற்றிப் பேச்சு வந்ததும் "மெலமைன் பாலிஷ் போட்டுரலாம், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் பதினோரு வருடம். லாக்கர், பி.யு. (பாலியூரிதேன் பூச்சு), தின்னர் எல்லாம் என் அன்றாடம். மெலமைன் ஆசிட் போட்டு இறுகுகிற வகை, இறுகும்போதும் அதற்குப் பிறகும் ஃபார்மால்டிஹைடு விடும். மேஜைக்கு ஆகலாம். தரையோடு தரையாகப் படுத்து நாள் முழுக்க மூச்சு விடுகிற ஜீவனுக்கு ஆகாது. கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும். பாம்புக்கு நம்மைப் போல இருமி வெளியே தள்ளவும் வராது.

இரண்டு டப்பா கலக்குகிற பி.யு.வும் வேண்டாம் என்று முடிவு. அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். கம்பெனியில் முகமூடி இல்லாமல் அதைத் தொட்டால் சூப்பர்வைசர் கத்துவார். தண்ணீரில் கலந்த ஒற்றை டப்பா பி.யு. வாங்கியிருக்கிறேன்.

மேஸ்திரியும் அவர் கூட வந்த பையனும் பெட்டியைக் கூட்டி, முன்விளிம்பில் பீடிங் (மெல்லிய மரப்பட்டை) ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் அப்போது ஷிஃப்டில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முட்டாள்தனம். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் மதியம் பன்னிரண்டு மணிக்கு முதல் பூச்சு. வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று நினைப்பு. சீக்கிரம்தான் காய்ந்தது, தூரிகை இழுத்த கோடு இழுத்தபடி நின்றுவிட்டது. பலகைக்குள் இருந்த காற்று சூட்டில் விரிந்து மேலே வர, பொரித்த அப்பளம் மாதிரி குமிழ். மேல்தோல் முதலில் மூடிக்கொண்டால் அடியில் இருக்கும் தண்ணீர் எங்கே போகும்?

220 நம்பர் உப்புத்தாளில் ஒன்றரை மணி நேரம் தேய்த்து எடுத்தேன். நாளைக்கு வருஷப் பிறப்பு வேறு. தோளைத் தூக்க முடியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

இப்போது முறை மாறிவிட்டது. பெட்டி கீழே, வடக்கு அறையில். காலை ஐந்தரைக்கு ஒரு பூச்சு, இரவு எட்டுக்கு ஒன்று, இடையில் 320 தாளில் லேசான தேய்ப்பு, ஈரத்துணியில் தூசி துடைப்பு. ஜன்னல் திறந்து, ஃபேன் பெட்டியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து. ஆவியை வெளியே தள்ளத்தான் ஃபேன். பெட்டிமேல் அடித்தால் தூசியைக் கொண்டுவந்து ஒட்டும்.

சுவருக்கு நான்கு கோட், தரைக்கு ஆறு. தேங்காய் நார்த்தூள் ஈரமாக எப்போதும் கிடக்கப் போவது தரையில்தான். ப்ளைவுட்டின் வெட்டு விளிம்பு குடிகாரன் மாதிரி, எவ்வளவு ஊற்றினாலும் இழுத்துக்கொண்டே இருந்தது. அதற்குத் தனியாகக் கணக்கே வைக்கவில்லை, உறிஞ்சுவதை நிறுத்தும்வரை பூசினேன்.

பத்திரப்படுத்திய துண்டுக்கும் அதே நாளில் அதே பூச்சு, பூச்சின் வாடையைத் தனியாக மோந்து பார்க்க. அதை அம்மாவின் காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உள்மூலைகள் எல்லாவற்றுக்கும் சிலிக்கான். பூச்சு முடிந்த பிறகுதான் இது, ஏனென்றால் சிலிக்கான்மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்பு வகையைத் தவிர்த்து, மருந்து சேர்க்காத மீன்தொட்டி சிலிக்கான் கேட்டு வாங்கினேன். வீடு முழுக்க வினிகர் நாற்றம். "ஊறுகா கெட்டுப் போச்சாடா?" என்று அம்மா அடுக்களையில் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 23, புதன்

மூன்று நாளாகியும் பின்மூலையில் நகம் அழுந்துகிறது. சிலிக்கான் வெயிலில் காய்கிற பொருள் இல்லை. காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், அதுவும் மேலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மி.மீ. நான் அந்த மூலையில் தாராளமாகப் பிதுக்கியிருக்கிறேன். வேலூர்க் காற்றில் ஈரம் எங்கே இருக்கிறது? சுற்றிலும் பாறைக் குன்று, பக்கத்தில் மணல் மட்டும் ஓடும் பாலாறு. வெயில் அடித்தால் எல்லாம் காயும் என்று வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது புதுப் பாடம். ஈரத் துண்டு இரண்டைக் கொடியில் போட்டு அறையில் கட்டிவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தண்ணீர்ச் சோதனை. பெட்டியை நாலு செங்கல்மேல் தூக்கி, அடியில் மூலைகளுக்கு நேராகக் கோலமாவைத் தூவி, உள்ளே அரை லிட்டர் ஊற்றினேன். சாயங்காலம் வலது பின்மூலைக்கு நேரே மாவு நனைந்திருந்தது. துடைத்து, உலரவிட்டு, அங்கே மட்டும் மறுபடி சிலிக்கான், இந்த முறை மெல்லிசாக.

ஏப்ரல் 30, புதன்

மாவு நனையவில்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். கடைசிப் பூச்சு போட்டுப் பதினெட்டு நாள். தொட்டால் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் காய்ந்தது வேறு, இறுகியது வேறு. இந்தப் பூச்சு தொடும் அளவுக்கு ஒரு மணி நேரத்தில் காயும். உள்ளே முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் எடுக்கும். சும்மா ஒரு பரீட்சை பார்க்கலாம் என்று நேற்று முன்பக்கக் கண்ணாடியை மூடி, காற்றுத் துளைகளில் டேப் ஒட்டி, ஒரு நாள் அப்படியே விட்டேன்.

இன்று திறந்து தலையை உள்ளே விட்டேன். ஒன்றும் இல்லை. சுத்தம்.

அப்புறம்தான் உறைத்தது, என் மூக்கை நம்பி என்ன பயன்? பதினோரு வருடம் டொலுவீனும் தின்னரும் குடித்த மூக்கு. கம்பெனிக்குள் புதிதாக வருகிறவர்கள் கைக்குட்டையைத் தேடும்போது நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கொடுத்ததும் "லேசா பெயின்ட்டு" என்றாள். பெட்டிக்குள் முகத்தைக் கொண்டு போனவள் உடனே பின்வாங்கினாள். "பஞ்சர் கடை வாசனை வருதுடா."

பஞ்சர் கடையா? பூச்சில் ரப்பரே கிடையாதே. "எங்கேம்மா?" ஒவ்வொரு மூலையாக மோந்து பார்த்து முன்விளிம்பைக் காட்டினாள். "இங்கதான்."

மேஸ்திரிக்கு போன் போட்டேன். "பீடிங்கு சிக்குனு புடிக்கணும்னு பையன் ரப்பர் பசை வெச்சிருப்பான் தம்பி. வெள்ளைப் பசை காய நேரமாவும்ல?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கதவுக்கும் கட்டிலுக்கும் அதுதானே செய்வார்கள். நான் பக்கத்தில் நிற்கவில்லை, பசை பற்றிச் சொல்லவும் இல்லை. அதன்மேல் நாலு கோட் பூசி மூடியது நான்தான். உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. பாட்டில் துண்டில் பீடிங் இல்லை, அதனால்தான் அது "லேசா பெயின்ட்டு" மட்டும்.

மே 6, செவ்வாய்

உளி வைத்து பீடிங்கைப் பெயர்த்தேன். அடியில் தேன் நிறத்தில் பசை, இன்னும் இழுத்தால் நூல் வந்தது. தின்னரில் துடைத்தால் நிமிடத்தில் போய்விடும், ஆனால் ஒரு கரைப்பானை எடுக்க இன்னொன்றை ஊற்றுவதா? பட்டைக் கத்தியில் சுரண்டி, உப்புத்தாளில் மரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். தம்பியிடம் சொன்னேன். "ணா, 12-ம் தேதி ஃபிளைட்டு ணா" என்று மட்டும் மூன்று முறை சொன்னான்.

மே 11, ஞாயிறு

புது பீடிங், வெள்ளைப் பசை, சின்ன ஆணி. நேற்றும் இன்றும் நான்கு கோட். மறுபடியும் முதலிலிருந்து எண்ணிக்கை. 28 நாள் என்றால் ஜூன் 8. நாலு நாள் மிச்சம்.

மே 16, வெள்ளி

ராத்திரி கோடை மழை. மண் வாசனை வந்ததும் அம்மா மூக்கை இழுத்து, "இது உனக்குத் தெரியுதாடா?" என்றாள். தெரிந்தது. நல்லவேளை.

மே 25, ஞாயிறு

ஹீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். அறைச் சூட்டில் அடங்கிக் கிடக்கிற வாடை சூடு ஏறினால் வெளியே வரும். மேலே செராமிக் ஹீட்டர் மாட்டி, வலை போட்டு, தெர்மோஸ்டாட்டை 32 டிகிரிக்கு வைத்தேன். சுவிட்சைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. பழுதோ என்று பிரித்துப் பார்க்கப் போய், அறையின் தெர்மாமீட்டரைப் பார்த்தேன்: 36. ஹீட்டர் எதற்கு எரியும்?

சூட்டுச் சோதனையைக் கத்திரியே நடத்திக் கொடுக்கிறது என்று பெட்டியை மூடி வைத்துவிட்டேன். இன்னொரு கவலை வந்துவிட்டது. அவளுக்குச் சூடான மூலை 32, குளிர்ந்த பக்கம் 26 வேண்டும்; 35-க்கு மேல் தொடர்ந்து போனால் ஆபத்து. இந்த ஊரில் மே மாதம் ஹீட்டர் இல்லை, கூலர்தான் தேவை. கூலர் தண்ணீர்க் காற்று, ஈரப்பதமும் கூடவே கிடைக்கும். 60 சதவீதமாவது இருந்தால்தான் சட்டை கிழியாமல் உரியும்.

ஜூன் 1, ஞாயிறு

பெட்டி ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்தது. அம்மா காபிகூடக் குடிக்காமல் வந்தாள் (வாயில் வேறு வாசனை இருந்தால் தெரியாதாம், அவளாகவே சொன்னது). நாலு மூலை, முன்விளிம்பு, மேலே, கீழே.

"ஒண்ணும் வரல."

பாட்டில்?

"ஊறுகா வாசனதான்."

ஆனாலும் இன்னும் ஒரு வாரம் விடுகிறேன். வாசனை வராத ஆவியும் உண்டு, 28 என்று எண்ணத் தொடங்கியது 28 வரைக்கும்தான்.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி காலையில் பெங்களூரிலிருந்து காரில் வந்தான், துணிப்பையில் அவளும். நார்த்தூள், தண்ணீர்க் கிண்ணம், இரண்டு பக்கமும் ஒளிய மண்சட்டி. கண்ணாடிக்கு ஷோகேஸ் பூட்டு. மூக்கால் தள்ளியே கண்ணாடியை நகர்த்திவிடுவாள் என்று தம்பி எச்சரித்திருந்தான்.

பையை உள்ளே வைத்துத் திறந்தோம். பத்து நிமிடம் பந்தாகவே கிடந்தாள். அப்புறம் தலை வந்தது, நாக்கு வந்தது. சுவரோரமாக ஊர்ந்து முன்விளிம்புக்கு வந்து, பீடிங் மாற்றிய இடத்தில் நின்று நாக்கை நீட்டி நீட்டி எடுத்தாள். நான் மூச்சு விடவில்லை. பிறகு சட்டிக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள்.

அம்மா வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள்.

"சாப்ட்டுச்சா?"

"புது இடம்மா. ஒரு வாரம் ஒண்ணும் குடுக்கக் கூடாது."

"ஒரு வாரமா? பாவம்டா."