வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால்: ஃபயர் பிளாங்கெட்டைப் பிடிக்கும் விதம்

ஃபயர் பிளாங்கெட் (தீயை மூடி அணைக்கும் போர்வை) வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, அதை அடுப்புக்கு நேர் மேலே மாட்டுவது. அப்புறம் அதை எடுக்க நெருப்புக்குள்தான் கை விட வேண்டும். சமையலறை வாசல் பக்கம், கைக்கெட்டும் உயரத்தில், அதை உறையிலிருந்து இழுக்கும் இரண்டு நாடாக்களும் கீழே தொங்கும்படி மாட்டுங்கள்.

எண்ணெய் பற்றினால் நாடாக்களை இரு கைகளாலும் கீழ்நோக்கி இழுங்கள். விரிந்ததும் மேல் ஓரத்தை உங்கள் பக்கமாகச் சுருட்டி, விரல்கள் வெளியே தெரியாதபடி முஷ்டியை மூடிக்கொள்ளுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கை சுட்டதும் போர்வை நழுவிவிடும். கேடயம்போல் முன்னால் பிடித்தபடி நெருங்கி, வாணலியின் உங்கள் பக்க விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கிப் படரவிடுங்கள். வீசினால் எண்ணெய் சிதறும். மூடியபின் காஸை அணையுங்கள். குமிழ் தீக்குப் பின்னால் இருந்தால் எட்டிப் பிடிக்க வேண்டாம்.

அடுத்து, பொறுமை. அரை மணி நேரமாவது தூக்கிப் பார்க்காதீர்கள். சமையல் எண்ணெய் ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸில் தீக்குச்சி இல்லாமலே பற்றும். சூடு இறங்குமுன் திறந்தால், காற்று பட்டதும் குப்பென்று மறுபடி எரியும். நெசவு வழியே லேசாகப் புகை கசிந்தால் பதற வேண்டாம்.

வாணலிக்கு 1 மீட்டர் சதுரம் போதும். உடையில் தீப்பிடித்தவரைச் சுற்ற 1.2க்கு 1.8 மீட்டர் வேண்டும். நிறைய எண்ணெய் கொள்ளும் டீப் ஃப்ரையருக்கு இதை நம்பாதீர்கள். ஒருமுறை தீயில் பட்ட போர்வையை மடித்து வைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.