விமானி நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போவது? வன்னியிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு

விமானியாக வேண்டும் என்று கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொன்னால், சுற்றியிருப்பவர்கள் முதலில் காசைப் பற்றித்தான் பேசுவார்கள். அது நியாயமான பேச்சு. பயிற்சிச் செலவு பெரியதுதான். ஆனால் பிள்ளைகள் தனியாக என்னிடம் கேட்பது வேறு. "அக்கா, நான் நல்ல கறுப்பு, எடுப்பினமோ?" "கையில ஷெல் பட்ட தழும்பு இருக்கு, தெரியாம மறைக்கலாமோ?" "தலைமயிர வெட்டச் சொல்லுவினமோ? அம்மா விடமாட்டா." முரசுமோட்டைப் பக்கம் வளர்ந்து, இரத்மலானையில் பறக்கப் பழகி, பிறகு ஒரு விமான நிறுவனத்தின் தேர்வுப் படிகளைக் கடந்தவள் என்ற முறையில், இந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன்.

நிறத்தை முதலில் முடித்துவிடுவோம். விமானியின் தோற்ற விதிகளில் தோலின் நிறத்துக்கு இடமே இல்லை. உயரம் பார்ப்பார்கள், அதுவும் அழகுக்காக அல்ல. இருக்கையைச் சரிசெய்து உட்கார்ந்தால் முன்கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை தெரிய வேண்டும், காலால் சுக்கான் மிதியை, அதாவது விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் மிதியை, கடைசிவரை அமுக்க முடிய வேண்டும். அவ்வளவுதான்.

தழும்பு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்தில் அது பல பிள்ளைகளின் உடம்பில் இருப்பதால். தொழில்முறை விமானிகளுக்குரிய முதலாம் வகுப்பு (Class 1) மருத்துவச் சோதனையில் வைத்தியர் பார்ப்பது அந்தக் கை மடங்குகிறதா, பிடி இருக்கிறதா, காது கேட்கிறதா, கண் பார்க்கிறதா என்பதைத்தான். தழும்பு அசிங்கமா என்று எடைபோடுவது அவருடைய வேலை அல்ல. ஆகவே முழங்கைத் தழும்பை மறைக்க நீளக்கைச் சேட் தேடி அலைய வேண்டாம். ஆனால் உடம்புக்குள் இன்னும் ஷெல் துண்டு இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, ஆஸ்பத்திரித் துண்டு எது இருந்தாலும் கொண்டுபோங்கள். மறைத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால், காயத்தால் வராத பிரச்சினை மறைத்ததால் வரும். நேர்முகத் தேர்வில் யாராவது அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டால், நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களும் இப்படித்தான் பயப்படுகிறார்கள். கண்ணாடி போட்டோ போடாமலோ ஒவ்வொரு கண்ணிலும் 6/9 பார்வை (நல்ல கண் 9 மீற்றரில் படிப்பதை 6 மீற்றரில் படிக்கும் அளவு) வர வேண்டும் என்பதே சர்வதேச அளவுகோல். கண்ணாடி தேவைப்படும் விமானி இன்னொரு சோடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. நேர்முகத்துக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பதை விட, துடைத்த கண்ணாடியோடு நிமிர்ந்து இருப்பது எவ்வளவோ மேல்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விமானியின் தோற்ற ஒழுங்கை வெறும் உடுப்பு நாகரிகம் என்று நினைத்துப் படித்தால் பாதிதான் விளங்கும். அநேகமான விதிகளுக்குப் பின்னால் விமான அறையில் (விமானிகள் உட்கார்ந்து ஓட்டும் இடத்தில்) நடக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைத் தெரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நேர்முகக் குழுவும் "ஏன்" என்றுதான் கேட்கிறது. என்னிடம் கேட்ட ஒரு கேள்வி, "தலைமயிரை ஏன் இப்படிக் கட்டியிருக்கிறீர்கள்?" நான் பிடரியோடு ஒட்டிய தாழ்ந்த கொண்டை போட்டிருந்தேன். பதிலுக்கு ஒட்சிசன் முகமூடியைப் பற்றிச் சொன்னேன்.

அதை இங்கேயும் சொல்கிறேன். 35,000 அடி உயரத்தில் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் போய்விட்டால், புத்தி தெளிவாக வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 30 முதல் 60 விநாடி. அழுத்தம் திடீரென்று போனால் அதிலும் குறையும். அதனால் விமானியின் முகமூடியை ஒரே கையால் 5 விநாடிக்குள் மாட்டக்கூடியதாக வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பெட்டியிலிருந்து அதை இழுக்கும்போது விரலுக்குள் வரும் சிவப்புப் பிடிகளை அமுக்கினால், பட்டிகள் காற்று நிரம்பி நண்டுக்கால் மாதிரி விரியும். தலைக்கு மேலால் போட்டுப் பிடியை விட்டால் காற்று இறங்கிப் பட்டி தலையை இறுகப் பிடிக்கும். உச்சியில் பெரிய கொண்டை இருந்தால் பட்டி அதில்தான் தடக்கும். தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமியுலேற்றரில் அதை மாட்டிப் பார்த்தபோது தாழ்ந்த கொண்டையின் அருமை கையிலேயே தெரிந்தது. பட்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது, ஒரு மயிரும் ஓரத்தில் சிக்காமல் முகமூடியின் இறப்பர் விளிம்பு கன்னத்தோடு ஒட்டியது.

ஆகவே தங்கச்சிமாரே, மயிரை வெட்ட வேண்டியதில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள். முகத்தில் விழாமல், கொலருக்கு மேலே நிற்கும்படி, தாழ்வாகக் கட்டினால் போதும். கறுப்பு நிறத்தில் ஒரு வலையும் நாலைந்து ஊசியும் சந்தைக் கடையிலேயே வாங்கலாம். காதில் சின்னத் தோடு மட்டும்; தொங்கட்டான் தலையில் மாட்டும் ஹெட்செற்றோடு கொழுவும். எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். ஒட்சிசன் அழுத்தத்தோடு வரும் இடத்தில் எண்ணெய், கிறீஸ், வசலீன் இருப்பது தீப்பற்ற வழி. உதட்டுக்கு வசலீன் பூசும் பழக்கம் இருந்தால் அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் பின்னேரமே முழுகி, மயிரைக் காயவிட்டுப் போங்கள்.

தாடியின் கதையும் முகமூடியோடுதான் போகிறது. தாடி இருந்தால் இறப்பர் முகத்தோடு ஒட்டாமல் ஒட்சிசன் கசியும் என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட காரணம். பிறகு கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் தாடிக்காரர்களை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பாதகம் தெரியவில்லை என்று வந்தபிறகு, 2018இல் எயார் கனடா தன் விமானிகளுக்கு 12.5 மில்லிமீற்றர் வரை ஒழுங்காகக் கத்தரித்த தாடியை அனுமதித்தது. எல்லா நிறுவனமும் அப்படி மாறவில்லை. அதனால் தம்பிமாருக்கு என் யோசனை: தாடி உங்களுக்குப் பெரிய விஷயம் இல்லையென்றால் நேர்முகத்துக்கு முழுதாகச் சவரம் செய்துவிட்டுப் போங்கள். அன்று காலை புதுப் பிளேட்டால் அவசரமாக வழித்துக் கழுத்தைக் கிழித்துக்கொள்ளாமல் முதல் நாள் இரவே செய்யலாம். மார்க்கத்துக்காகத் தாடி வைத்திருக்கும் மன்னார், முல்லைத்தீவு முஸ்லிம் தம்பிமார் தாங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் விதியை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். தலையை மூடும் தங்கச்சிமாருக்கும் இதே யோசனைதான். தலைப்பாகையோடு பறக்கும் சீக்கிய விமானிகள் இருக்கிறார்கள். மரியாதையாகக் கேட்பதால் யாரும் உங்களைக் கழித்துவிட மாட்டார்கள்.

கையில் கோயில் நூல், நெற்றியில் திருநீறு, பொட்டு பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். இது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பச்சை குத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பு பல நிறுவனங்களில் வெளியே தெரிந்தால் வேலையே இல்லை என்றிருந்தது. எயார் நியூசிலாந்து 2019இலும் வேர்ஜின் அட்லாண்டிக் 2022இலும் அதைத் தளர்த்தின. இன்னும் தளர்த்தாதவை பல. ஆகவே ஊரில் ஒருவர் சொன்னார் என்று நம்பாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான் சின்னக் கீற்றாகத் திருநீறு பூசித்தான் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சப்பாத்துக்கு வருவோம். சாதாரணக் கறுப்புத் தோல், கயிறு கட்டுவது, தட்டையான அடி. சுக்கான் மிதியின் மேற்பக்கத்தை அமுக்கித்தான் தரையில் விமானத்தை நிறுத்துகிறோம். குதிகாலைத் தரையில் ஊன்றி விரற்பக்கத்தால் அமுக்க வேண்டும். அடி தடித்திருந்தால் மிதி காலுக்குத் தெரியாது. உயர்ந்த குதியென்றால் ஊன்ற இடமில்லை. சிமியுலேற்றர் மதிப்பீடும் அதே நாளில் இருக்கக்கூடும் என்பதால், நேர்முகத்துக்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று காவிக்கொண்டு திரியாமல் ஒரே சோடியை வாங்குங்கள். புதுச் சப்பாத்தை வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கிக்கொள்வது நல்லது. மினுக்கும்போது முன்பக்கத்தோடு நின்றுவிடாமல் குதிப்பக்கத்தையும் மினுக்குங்கள். அறைக்கு வெளியே போகும்போது அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

வாசனை: விமான அறை சின்னது, மணிக்கணக்காக இரண்டு பேர் அதற்குள் இருக்கிறார்கள். நேர்முக அறையும் குளிரூட்டிப் பூட்டிய அறை. குளித்த உடம்பும் தோய்த்த சேட்டும் போதும், சென்ற் வேண்டாம். கறுப்புக் கண்ணாடி வாங்குவதானால் போலறைஸ் செய்ததை வாங்காதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் விமானத்தின் திரைகள் சில கோணங்களில் இருண்டு தெரியும்.

தோள்பட்டையில் கோடு போட்ட வெள்ளைச் சேட்டில்தான் எல்லோருக்கும் ஆசை. அந்த உடுப்பு கடற்படையிலிருந்து வந்தது. 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம் தண்ணீரில் இறங்கும் பெரிய விமானங்களை ஓட்டியபோது, விமானிகளுக்குக் கப்பல் அதிகாரிகளின் உடையைப் போல உடை கொடுத்தது. பறக்கப் பயந்த சனத்துக்கு அது நம்பிக்கை தந்தது. இன்று அநேகமாக நாலு கோடு கப்டனுக்கு, மூன்று துணை விமானிக்கு. பறப்புப் பள்ளியில் உங்களுக்கும் ஏதாவது கோடு தந்திருப்பார்கள். நேர்முகத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லாதவரை போடாதீர்கள். அந்தக் கோட்டை அந்த நிறுவனம் இன்னும் உங்களுக்குத் தரவில்லை.

வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு உண்மையான சிரமம் தூசியும் தண்ணீரும் தூரமும். ஏ9 வீதி நல்ல தார் வீதிதான். ஒழுங்கைக்குள் இறங்கினால் கிரவல். வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் டிப்போச் சந்திக்கு வந்து சேருமுன்னே கொலர் சிவந்துவிடும். எங்கள் பக்கத்துச் சில கிணறுகளின் தண்ணீரில் வெள்ளைத்துணி சில தோய்ச்சலிலேயே மங்கிப் பழுப்பாகும். ஆகவே ஒரு சேட்டை இதற்கென்றே ஒதுக்குங்கள். நல்ல தண்ணீர் உள்ள வீட்டில் தோயுங்கள், மாரியென்றால் மழைத்தண்ணீரைப் பிடித்துத் தோயுங்கள். நைலோன் கலந்த துணியை விடப் பருத்தி நல்லது. நெருப்புப் பட்டால் நைலோன் உருகித் தோலில் ஒட்டும் என்பதை விமானப் பாதுகாப்புப் பாடத்திலும் படிப்பீர்கள்.

கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் மேல். இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி நேரே நேர்முகத்துக்குப் போகும் திட்டம் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் முந்திப் போய் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்குங்கள். சேட்டை அயன் பண்ணி, பொத்தான் பூட்டி, கொலருக்குள் சுருட்டிய பேப்பரை வைத்துக் கடைசியாகப் பையில் வையுங்கள். போய் இறங்கியதும் முதல் வேலையாக எடுத்துக் கொழுவுங்கள். அங்கே கேட்டு ஒருமுறை அயன் பண்ணலாம். அதற்கு வெட்கம் எதற்கு?

தோற்றத்தில் பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று, பறப்பு நேரப் பதிவேடு. என் நேர்முகத்தில் நடுவில் இருந்த கப்டன் என் முகத்தைப் பார்க்குமுன் அதைத்தான் விரித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு போனார். வரம்பைப் பார்த்தே வயல்காரனை மட்டுக்கட்டுவது போலத்தான் அதுவும். ஒரே நிற மையில் எழுதுங்கள். பிழை வந்தால் வெள்ளை மை பூசாமல் ஒற்றைக் கோட்டால் வெட்டிக் கையொப்பம் வையுங்கள். ஒவ்வொரு பறப்பு முடிந்த அன்றே எழுதுங்கள். கடைசிக் கிழமையில் மொத்தமாக எழுதிய பதிவேடு பார்த்தவுடன் தெரியும்.

குரலும் தோற்றத்தில் சேர்ந்ததுதான். ஆங்கிலத்தில் எங்கள் ஊர் இழுவை வரும் என்று கூச்சப்படுகிறவர்கள் கவனியுங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு கேட்கும் குறைந்தபட்ச ஆங்கிலத் தரம் 4ஆம் நிலை. உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருப்பதை அது ஏற்றுக்கொள்கிறது. மற்றவருக்கு விளங்காமல் போனால்தான் குறை. ஆகவே அமெரிக்கக்காரனைப் போலப் பேசப் பழகி நேரத்தைச் செலவழிக்காமல், மெதுவாக, முழுச் சொல்லாகப் பேசப் பழகுங்கள். எண்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவது நல்ல பயிற்சி.

காத்திருக்கும் அறையிலும் நீங்கள் கவனிக்கப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் தந்தவருக்கு நன்றி சொல்வது, கூட வந்த பிள்ளைக்கு இடம் விடுவது, போனை நிறுத்திப் பைக்குள் வைப்பது. தேர்வில் வரும் குழுச் செயற்பாட்டில் தேர்வுக் குழுவினர் தேடுவதும் கூட இருப்பவரோடு இணைந்து வேலை செய்யக்கூடிய ஆளைத்தான்.

அழைப்புக் கடிதத்தில் உடை பற்றி ஒரு வரி இருக்கும். கோட் கேட்டிருந்தால் புதிதாகத் தைக்கக் கடன்பட வேண்டாம். அண்ணாவிடமோ மாமாவிடமோ இரவல் வாங்கலாம். பெண்பிள்ளைகள் சேலையா, நீளக் காற்சட்டையா என்று குழம்பினால் காற்சட்டையையே எடுங்கள், சிமியுலேற்றரில் ஏறி இறங்கவும் அதுதான் வசதி. இரவல் கோட்டில் தோள் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கை நீளத்தைக் கிளிநொச்சிச் சந்தையில் இருக்கும் தையல்காரர் ஒரு பின்னேரத்தில் சுருக்கித் தருவார். தோள் பெரிதாக இருந்தால் அதைச் சரிக்கட்டுவது கஷ்டம், வேறு கோட் தேடுங்கள்.