பழைய 15 அடி ஃபைபர் படகுக்கு மாற்று எஞ்சின்: 25-லிருந்து 20-க்கு இறங்கிய கணக்கு

படகு 15 அடி ஃபைபர். பின்பலகையில் (எஞ்சினைக் கவ்வி மாட்டும் பின்சுவர்) இருந்தது 25 ஹெச்.பி. டூ-ஸ்ட்ரோக், கயிறு இழுத்துக் கிளப்பும் வகை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வரும் அழுத்தம், பார்த்தபோது ஒரு சிலிண்டர் மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10, 15 சதவீத வித்தியாசம் என்றால் ஓட்டலாம், இது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. கியர் பெட்டி எண்ணெயும் மோர் நிறத்தில் வந்தது, அதாவது ஷாஃப்ட் சீல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்வதைவிட மாற்று எஞ்சினே மேல்.

அதே 25-ல் ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கி மாட்டலாம் என்பதுதான் முதலில் தோன்றும். எடையைப் பார்த்தால்தான் தயக்கம் வரும். பழைய டூ-ஸ்ட்ரோக் 25 சுமார் 50 கிலோ. ஃபோர்-ஸ்ட்ரோக் 25, மாடலைப் பொறுத்து ஏறக்குறைய 57 முதல் 72 கிலோ வரை போகும். எலக்ட்ரிக் ஸ்டார்ட் கேட்டால் பேட்டரி எடை தனி. இந்தக் கூடுதல் எல்லாம் படகின் கடைசி ஓரத்தில், பின்பலகைக்கும் வெளியே தொங்கும். நடுவில் வைத்த 20 கிலோ தெரியாது. அங்கே தொங்கும் 20 கிலோ நன்றாகத் தெரியும்.

வாங்குவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். பழைய எஞ்சின் மாட்டியபடியே, 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பிப் பின்பலகையை ஒட்டி வைத்தால் 70 கிலோ எஞ்சினுக்கு ஓரளவு சமம். ஆளும் வலையும் பெட்டியும் வழக்கமான இடத்தில் இருக்க வேண்டும். நீர் மட்டத்தை டேப் ஒட்டிக் குறித்துப் பார்த்ததில், தளத்து நீர் வெளியேறும் துளைகளின் கீழ் விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. அப்படியானால் தளத்துத் தண்ணீர் வெளியே போகாது, வெளித் தண்ணீர் உள்ளே வரும். பெட்ரோல் டேங்கை முன்னால் நகர்த்திக் கொஞ்சம் மீட்கலாம்தான். ஆனால் பின்னால் வரும் அலை ஒன்று ஏறிவிட்டால் அந்தச் சமாளிப்பு போதாது.

இங்கேதான் 20 ஹெச்.பி. கண்ணில் படுகிறது. பல கம்பெனிகள் 9.9, 15, 20 மூன்றையும் ஒரே பிளாக்கில் செய்கின்றன, அதனால் 20-ம் சின்ன எஞ்சின் எடையிலேயே நின்றுவிடுகிறது. ஃபியூயல் இஞ்செக்‌ஷன் உள்ள புதிய மாடல்களில் 43 முதல் 52 கிலோ. பேட்டரி இல்லாமல் கயிறு இழுத்தாலே இஞ்செக்‌ஷன் வேலை செய்யும் மாடல்களும் இருக்கின்றன. இந்த அளவுப் படகுக்கு அதுதான் சரியான தேர்வு. இழப்பும் உண்டு. டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் தீப்பிடிக்கும், ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. கீழ் வேகத்தில் அந்தப் பழைய இழுவையை எதிர்பார்க்கக் கூடாது. அதைப் புரொப்பல்லரில்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஷாஃப்ட் நீளம். பின்பலகையின் மேல் விளிம்பு நடுவிலிருந்து படகின் அடி வரை அளக்க வேண்டும். 38 செ.மீ. பக்கம் என்றால் ஷார்ட், 51 பக்கம் என்றால் லாங். இந்தப் படகில் 42 வந்தது. முன்பு யாரோ மேலே ஒரு கட்டையை வைத்து ஃபைபர் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். பழைய படகில் ‘ஷார்ட் ஷாஃப்ட்தானே’ என்ற ஞாபகத்தை நம்பக் கூடாது என்பது இதற்காகத்தான். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடியோடு சமமாகவோ 25 மி.மீ. வரை கீழேயோ இருக்க வேண்டும். மேலே போனால் திருப்பத்தில் காற்றை உறிஞ்சி எஞ்சின் கத்தும், படகு நகராது. ரொம்பக் கீழே போனால் இழுவைத் தடை கூடும், தண்ணீர் பின்னால் தெறிக்கும். லாங் ஷாஃப்ட் போட்டால் 9 செ.மீ. கீழே தொங்கும் என்பதால் ஷார்ட் எடுத்து, அந்தக் கட்டையைத் தேவையான அளவு செதுக்கி இறக்கியாயிற்று.

செதுக்கியபோதே பலகையின் உள் நிலைமையும் தெரிந்தது. செதுக்காதவர்கள் இப்படிப் பார்க்கலாம்: எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி நிறுத்தி, அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு போன்ற தகட்டைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினால் பலகை அசையக் கூடாது. சுத்தியலின் பிடியால் தட்டினால் ‘டக்’ என்று கெட்டியான சத்தம் வர வேண்டும், ‘பொத்’தென்றால் சந்தேகம். பிறகு உள்பக்கம், அடிப்பகுதியில் 4 மி.மீ. துளை போட்டு வரும் தூளைப் பார்க்கவும். வெளிறிய உலர்ந்த தூள் நல்லது. கறுத்து, ஈரமாக, நாற்றத்தோடு வந்தால் பலகைக்குள் இருக்கும் பிளைவுட் மக்கிவிட்டது. அந்த நிலையில் புது எஞ்சின் மாட்டுவது வீண். உள் ஃபைபரை வெட்டி எடுத்து, 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எபாக்ஸியில் ஒட்டி, மேலே ஃபைபர் போட்ட பிறகே எஞ்சின். மொத்தத் தடிமனை எஞ்சின் கவ்வி திறக்கும் அளவோடு ஒப்பிட்டுக் கொள்ளவும். மறந்துவிட்டால் கடைசி நாளில் உளி பிடிக்க வேண்டியிருக்கும்.

இங்கே மக்கல் பழைய போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும்தான். துளைகளைப் பெரிதாக்கி, கெட்டது போகும் வரை சுரண்டி, காயவிட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸி நிரப்பி, அது இறுகிய பிறகு புதுத் துளை. கவ்வித் திருகு இரண்டையும் மட்டும் நம்பக் கூடாது, அதிர்வில் தளரும். கீழே 8 மி.மீ. 316 ஸ்டெயின்லெஸ் போல்ட் இரண்டு, துளைக்குள்ளும் வாஷர் அடியிலும் பாலியூரித்தேன் சீலன்ட். பழைய துளைகள் மக்கியதே சீலன்ட் இல்லாததால்தான்.

பெட்ரோல் வழியில் பழையது எதையும் மீதி வைக்கவில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக்குக்காக 50-க்கு 1 எண்ணெய் கலந்த பெட்ரோல் டேங்கிலிருந்து முழுக்க வெளியே. பழைய ஹோஸின் உள்தோல் உரிந்து வரும், அந்தத் துணுக்கு இஞ்செக்டரை அடைக்கும். அதனால் புது ஹோஸ், 10 மைக்ரான் நீர் பிரிப்பான் ஃபில்டர். டேங்க் கனெக்டர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எஞ்சினோடு சேர்த்தே கேட்டு வாங்கவும்.

ஓட்டிப் பார்த்ததில் கூட வந்த 10 பிட்ச் புரொப்பல்லரில் (பிட்ச் என்பது ஒரு சுற்றில் அது கணக்குப்படி முன்னேறும் தூரம், இஞ்சில்), முழுச் சுமையோடு 5150 ஆர்பிஎம்-க்கு மேல் ஏறவில்லை. இந்த எஞ்சினின் முழு வேக வரம்பு 5300 முதல் 6300. வரம்புக்குக் கீழே முழு த்ராட்டிலில் ஓட்டுவது எஞ்சினைத் திணறடிப்பது. ஒரு இஞ்ச் பிட்ச் குறைத்தால் 150, 200 சுற்று கூடும் என்ற கணக்கில் 9 பிட்ச் போட்டதும் சுமையோடு 5350, ஆள் ஒருவரோடு 5700. கியர் விகிதம் 2.08, அதாவது எஞ்சின் 2.08 சுற்றுக்குப் புரொப்பல்லர் ஒரு சுற்று என்பதால் 5350 சுற்றில் கணக்குப்படி மணிக்கு 35 கி.மீ. வர வேண்டும், ஜிபிஎஸ் காட்டியது 30. 15 சதவீத நழுவல், இந்த வகைப் படகுக்கு அது சரியான அளவு. 8 பிட்ச் போட்டால் சுமையோடு இன்னும் எளிதாக எழும்பும், ஆனால் வெறும் படகில் சுற்று 5900 பக்கம் ஏறிவிடும்.

பின்பக்கம் இலேசானதும் அணியம் (படகின் முன்முனை) கொஞ்சம் தாழ்ந்து தண்ணீரை உழுதது. எஞ்சினின் சாய்வை அமைக்கும் டில்ட் பின்னை ஒரு துளை வெளியே மாற்றியதும் சரியானது. இன்னும் ஒரு துளை போனால் அணியம் துள்ள ஆரம்பிக்கும். முதல் 10 மணி நேரம் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். 20 மணி நேரத்தில் எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய் இரண்டையும் மாற்றும்போது கவ்வித் திருகையும் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்கவும்.