தெர்மாகோல் பெட்டியோடு தூத்துக்குடிக்கு

போன மே மாதம் குடும்பத்தோடு தூத்துக்குடி சித்தி வீட்டுக்குப் போனோம். நான்கு பேர், மூன்று பைகள், ஒரு தெர்மாகோல் பெட்டி. பைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆபீசில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. "எங்க சித்தப்பா விசைப்படகுல போறவரு. கடல்லேர்ந்து நேரா அடுப்புக்கு வரும் மீன். திரும்பும்போது உங்களுக்கும் ஐஸ் போட்டு எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி, யாருக்கு எத்தனை கிலோ என்று ஒரு தாளில் எழுதியும் வாங்கிவிட்டேன். மேனேஜருக்கு மட்டும் வஞ்சிரம் 3 கிலோ. அந்தப் பெட்டி, தெருமுனை மருந்துக் கடையில் கெஞ்சி வாங்கியது.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் பிடித்தது மார்ச் மாதம். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. திறந்த அன்று காலை 8 மணிக்கு போனும் கையுமாக உட்கார்ந்து நான்கு பெர்த் வாங்கினேன். அதன்பிறகு வந்த 60 நாளில் ஒரு நாளாவது செய்தித்தாளை ஒழுங்காகப் புரட்டியிருக்கலாம்.

சித்தியிடம் போனில் சொன்னேன்தான். "சித்தி, மீன் சாப்பிடுறதுக்குன்னே வர்றோம்" என்றேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பாசத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் சித்தி என்னைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"ஏய்யா, மீனா கொண்டாந்திருக்க? சமயம் தெரிஞ்சு கொண்டாந்திருக்கியே, நீதான்யா பிள்ள!" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். "ஏங்க, இங்கன வாங்க! பிள்ள மெட்ராஸ்லேர்ந்து மீன் கொண்டாந்திருக்கான்!"

நான் வாயைத் திறப்பதற்குள் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்துவிட்டாள். உள்ளே பழைய பேப்பர் இரண்டு, உருகிப்போன ஐஸ் ஜெல் பை ஒன்று, ரயிலில் தேடித் தேடிக் கிடைக்காத என் மகனின் ஒற்றைச் செருப்பு. சித்தி அந்தச் செருப்பை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அடியில் மீன் இருக்கிறதா என்று பேப்பரையும் தூக்கிப் பார்த்தாள்.

அடுக்களையிலிருந்து சித்தப்பா வந்தார். கையில் கரண்டி.

"ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் போட்டு கடலுக்குப் போவக் கூடாதுடே. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். 61 நாளு. இது ஒனக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் பள்ளிக்கூட லீவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு தடையே கிடையாது. 2001-ல்தான் வந்தது. முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள். அதற்குள் நான் படித்து முடித்து, வேலைக்குப் போய், பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும் தலைகாட்டுகிற ஆளாகியிருந்தேன். தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கி ஒன்றாகவே முடிகின்றன என்பதை இத்தனை வருஷம் கவனிக்காமல் இருந்தது என் தப்புதான். ஆனால் அதைப் பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொள்ள முடியுமா?

"அப்போ மீனே கிடையாதாப்பா?" என்றான் மகன்.

"நாட்டுப்படகு போகும்டா" என்றேன், எல்லாம் தெரிந்த மாதிரி. அதையும் ஒரு நிமிஷம் முன்புதான் சித்தப்பா சொல்லியிருந்தார்.

அந்த வீட்டின் உண்மையான பிரச்சினை மீன் இல்லாதது அல்ல, சித்தப்பா இருப்பது என்று இரண்டு நாளில் புரிந்தது. மற்ற மாதங்களில் விடியுமுன் கடலுக்குப் போய் இருட்டிய பிறகு வருகிற மனிதர். இப்போது காலையில் படகுக்கு பெயிண்ட் அடிக்கவோ வலை பொத்தவோ போய்விட்டு 10 மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். வந்து சும்மா இருப்பதில்லை. மசாலா டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி வைத்திருந்தார். வெங்காயத்தை எந்தப் பக்கம் பிடித்து நறுக்கினால் கண் எரியாது என்று, 35 வருஷமாக நறுக்கிக்கொண்டிருக்கும் சித்திக்கு வகுப்பு எடுத்தார்.

"ஒங்களுக்கு லீவு பத்து நாளு. எனக்கு இந்த மனுசன் 61 நாளு" என்றாள் சித்தி என் மனைவியிடம். அந்த நிமிஷமே அவர்கள் இருவரும் நெருங்கிய தோழிகளாகிவிட்டார்கள். என் மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு கணவனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிப்பது எனக்கும் கேட்டது.

பிள்ளைகள் கடலுக்குப் போகலாம் என்று சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் அசையவில்லை. "கடல்ல என்னல இருக்கு? தண்ணி. பத்து மாசம் பாத்தாச்சு. இந்த ரெண்டு மாசம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, என்னிடம் சென்னை மெட்ரோ ரயில் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். ஏசி பெட்டிக்குள் எவ்வளவு குளிராக இருக்கும், கதவு தானாக மூடும்போது வேட்டி மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள் என்றெல்லாம். கடைசியில் பிள்ளைகளை உப்பளம் பார்க்க அழைத்துப் போனது நான்தான். கோடையில்தான் அங்கே உப்பு விளையும். வெயிலில் பாத்தி பாத்தியாகக் கண் கூசியது. மகள் ஒரு குவியலைத் தொட்டு நக்கிவிட்டு, "அப்பா, இது உப்பு!" என்று கத்தினாள்.

சாப்பாடு? முதல் நாள் கோழி, இரண்டாம் நாள் ஆட்டுக்கறி, மூன்றாம் நாள் முட்டை, நான்காம் நாள் மாசி சம்பல். மாசி என்பது சூரை மீனை அவித்துக் காயவைத்தது, கட்டை மாதிரி இருக்கும். "இது மீன்தாண்டா" என்று மகனை நம்பவைக்கப் பார்த்தேன். அவன் ஒரு துண்டை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தான். டொக் டொக் என்று சத்தம் வந்தது.

ஐந்தாம் நாள் என் சட்டைப்பையிலிருந்த ஆபீஸ் பட்டியல் சித்தியின் கையில் அகப்பட்டது.

"வஞ்சிரமா? அப்படி ஒரு மீனே எங்க ஊர்ல கெடையாதே!"

சித்தப்பா வாங்கிப் பார்த்தார். "சீலாவச் சொல்லுதான். கன்னியாமரிப் பக்கம் நெய்மீனும்பான். மெட்ராஸ்காரன் வஞ்சிரம்பான். ஆமா, இந்த மேனேசருக்கு மட்டும் என்ன மூணு கிலோ? அவருக்கு எத்தன வாயி?" பிறகு கொஞ்ச நேரம் யோசித்தார். "குளச்சல் பக்கம் இன்னும் போட்டு ஓடுது. மேக்க தடை ஜூன் 1-ல தான். ஒரு எட்டு போயிட்டு வாரியா?" என்றார். மீனுக்காக 100 கிலோமீட்டருக்கு மேல் போகச் சொல்கிறாரே என்று நான் தயங்கியதைப் பார்த்து அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி, நாளைக்கு விடியக்காலம் என்கூட வா."

மறுநாள் திரேஸ்புரம் போனோம். நாட்டுப்படகுகள் வந்து நிற்கும் கரை. தடைக்காலத்தில் ஊருக்கே அதுதான் கதி என்பதால் திருவிழாக் கூட்டம். ஈர மணலில் தார்ப்பாயை விரித்து மீனைக் கொட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் விளைமீன், ஒரு பக்கம் ஊளி, இரண்டே இரண்டு சீலா. அந்த இரண்டும் நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஏலம் போய்விட்டன. என்ன விலைக்கு என்று சித்தப்பா சொன்னபோது, அது மீனின் விலையா படகின் விலையா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்து ஒரு பெரிய கூடை. உள்ளே உள்ளங்கை அகலம்கூட இல்லாத, வெள்ளிக் காசு மாதிரி மினுங்கும் காரல். ஏலக்காரர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம் என்று போய், சட்டென்று ஒரு கணம் நிறுத்தினார். அந்தக் கரை முழுக்க யாரும் பேசாத அந்த ஒரு கணத்தில்தான் நான் சித்தப்பாவின் காதில், "இந்தப் பொடி மீனுக்கா ரெண்டாயிரம்?" என்று கேட்டேன்.

"ரெண்டாயிரம்! கண்ணாடிக்காரரு! ஒரு தரம்..."

"இல்லண்ணே, நான் சும்மா..."

"ரெண்டு தரம்... மூணு தரம்!"

கூடை என் காலடிக்கு வந்துவிட்டது. கூட்டம் என்னைப் பார்த்தது. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், அந்த வாரத்தில் முதல்தடவையாக.

காரலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ருசியான மீன். ஆனால் கடவுள் முதலில் முள்ளைச் செய்துவிட்டு, மிச்சம் இருந்த இடத்தில் சதையை ஒட்டியிருக்கிறார். கூடையைப் பார்த்ததும் சித்தி நெஞ்சில் கை வைத்தாள். "காரலா? ரெண்டாயிரத்துக்கா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான், மனைவி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, அவருடைய மாமியார் என்று கொல்லைப்புறத்தில் வட்டமாக உட்கார்ந்து மதியம் 2 மணி வரை கழுவிக்கொண்டே இருந்தோம். மீனை எப்படிப் பிடித்துக் கழுவ வேண்டும் என்று சித்தப்பா வாயெடுத்தார். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிவிட்டார்.

தேங்காய் அரைத்து விட்ட குழம்பு ஒரு சட்டி, மொறுமொறுவென்று பொரித்தது ஒரு தட்டு. மகன் சத்தமே இல்லாமல் 14 மீன் தின்றான். முள்ளை எண்ணி வைத்ததால் கணக்கு தெரியும். தெருவில் ஐந்து வீட்டுக்குக் கொடுத்தோம். அப்படியும் பாதிக் கூடை மீதி. உப்புப் போட்டு மொட்டை மாடியில் பாயை விரித்துக் காயவைத்தாள் சித்தி. மிச்சமிருந்த விடுமுறை முழுவதும் என் பிள்ளைகள் கையில் குச்சியோடு காக்கை விரட்டினார்கள். ஒரு காக்கைக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். இதுவரை போன எந்த டூரிலும் அவர்கள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

கிளம்புகிற அன்று பெட்டியைத் தேடினேன். மக்ரூன் வந்துவிட்டது, உடன்குடிக் கருப்பட்டி வந்துவிட்டது, பிளாஸ்டிக் கவர் நான்கு சுற்றிய காரல் கருவாடும் வந்துவிட்டது. பெட்டி மட்டும் கொல்லையில் கிடந்தது. அதற்குள் மணலைப் பரப்பி சித்தியின் சிவப்புக் கோழி உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினேன், கொத்த வந்தது. விட்டுவிட்டேன்.

ஆபீசில் நடந்ததை விரிவாகச் சொல்ல விருப்பமில்லை. மேனேஜர் தன் பங்குக் கருவாட்டை டிராயருக்குள் வைத்துவிட்டு மூன்று நாள் மறந்துவிட்டார். ஏசி சர்வீஸ்காரர் இரண்டு முறை வந்துபோனார்.

பள்ளிக்கூடம் திறந்து, நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு, சீருடையில் பட்டன் தைத்து முடித்த பிறகு, ஜூன் 16 காலையில் சித்தியிடமிருந்து போன்.

"ஏய்யா, போட்டு கடலுக்குப் போயிட்டு வந்தாச்சு. ஒங்க சித்தப்பா சீலா கொண்டாந்திருக்காவ, ஒரு ஆள் நீளத்துக்கு இருக்கு. இந்த வாரம் லீவு போட்டுட்டு வாரியளா?"

"பிள்ளைங்களுக்கு ஸ்கூல் திறந்தாச்சே சித்தி."

"அதானே" என்றாள். குரலில் வருத்தம் இருந்தாலும், சித்தப்பா வீட்டில் இல்லாத நிம்மதியும் நன்றாகவே கேட்டது. "அப்புறம், ஒன் பெட்டியில பதினோரு முட்ட வச்சேன். ஒம்பது பொரிச்சிருக்கு. ஆனா பெட்டி போச்சுய்யா, தாய்க்கோழி ஓரமெல்லாம் கொத்தித் தின்னுட்டு. அடுத்த வருசம் வரும்போது இன்னொரு பெட்டி கொண்டா. கொஞ்சம் பெருசா கொண்டா."